பத்து ரூபா போட்டா மஞ்சப்பை!

அதிகாலை நாலு மணிக்கு கோயம்பேடு மார்க்கெட்டைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? இல்லைன்னா ஒரு நாளாவது அலாரம் வெச்சு எழுந்து போங்க. 1996-ல் திறந்த 295 ஏக்கர் ராஜ்ஜியம் அது. கத்திரிக்கா மூட்டைக்கு ஒதுங்கினா, மல்லிப்பூ கூடை வந்து இடிக்கும். 'வழி... வழி...'னு குரல் கேட்டா யோசிக்காம நகர்ந்துடணும். அங்கே அதுதான் டிராஃபிக் சிக்னல்!

2023-ல் நான் ஃபர்ஸ்ட் இயர். கிளாம்பாக்கம் திறக்காத நேரம். மதுரை பஸ் கோயம்பேட்டுக்குத்தான் வரும். விடியறதுக்கு முன்னாடி வந்து இறங்கினப்போ மனசே சரியில்லை. காரணம், முந்தின வாரம் காலேஜ் எக்ஸ்போவில் வாங்கின பல்பு! எங்க டீம் ஒரு பேனா மெஷின் செஞ்சோம். பத்து ரூபா காயினைப் போட்டா, கேமரா படம் பிடிச்சு சரிபார்த்து பேனா தரணும். ரிகர்சல்ல சூப்பர். ஜட்ஜ் போட்ட காயினை மட்டும் 'செல்லாது'ன்னு துப்பிடுச்சு. அது வேற டிசைனாம்!

மார்க்கெட் வாசல்ல டீ குடிச்சிட்டு பத்து ரூபா காயினை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணன், "கோடு சரியில்ல தம்பி, நோட்டா குடு"ன்னார். 14 டிசைனும் செல்லும்னு 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. அவர்கிட்ட சொன்னா? சிரிச்சார். நோட்டுதான் கொடுத்தேன்.

அப்போ அத்தைகிட்டருந்து போன். ரெண்டு கிலோ தக்காளி வேணுமாம். கையில பை இல்லை. தேடினப்பதான் அந்த மெஷின் கண்ணுல பட்டுது. 2022 ஜூன்ல வெச்ச மஞ்சப்பை மெஷின். டீக்கடையில திரும்பி வந்த அதே காயினைப் போட்டேன். சத்தமில்லாம ஒரு மஞ்சப்பை வந்து விழுந்துச்சு!

அப்படியே நின்னுட்டேன். மனுஷன் நம்பாததை மெஷின் எப்படி நம்புச்சு?

ஹாஸ்டல் வந்ததும் படிச்சேன். காசு வாங்குற மெஷின்கள்ல வழக்கமா காயின் உருளும் பாதையில கம்பிச்சுருள்கள் இருக்கும். மின்சாரம் ஓடி, சுத்தி ஒரு காந்தப்புலம் உண்டாகும். காயின் கடக்கும்போது அந்தப் புலம் மாறும். எவ்வளவு மாறுதுங்கறது உலோகத்தையும் அளவையும் பொறுத்தது. பத்து ரூபாய்க்கு விட்டம் 27 மி.மீ., ரெண்டு உலோகக் கலவை. தேய்ஞ்ச காசுக்காக கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் செய்யும். ஒத்துப்போனா உள்ளே, இல்லைன்னா வெளியே. மேலே என்ன படம், எத்தனை கோடுன்னு அது பார்க்கறதே இல்லை!

அடுத்தது மோட்டார் வேலை. நிறைய மெஷின்கள்ல பொருள் விழற வழியில கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிர் ஒண்ணு குறுக்கே போகும். பொருள் விழுந்து அது அறுபட்டாதான் கணக்கு முடியும். இல்லைன்னா மோட்டார் இன்னொரு தடவை சுத்தும், இல்லை காசு திரும்பும். நாங்க மோட்டாரை சுத்தவிட்டு, பேனா விழுந்துச்சான்னே பார்க்கலை!

கேமராவைக் கழட்டிட்டு கம்பிச்சுருள் சுத்தினோம். அடுத்த எக்ஸ்போவுக்கு ஆறு டிசைன் காயின் தேடிப் பிடிச்சுப் போட்டோம். ஆறுக்கும் பேனா வந்துச்சு. பரிசு வரலை, பரவாயில்லை.

இனி யாராவது பத்து ரூபா காயின் நீட்டினா, கோட்டை எண்ணாம வாங்கிக்கங்க பாஸ். ஒரு கம்பிச்சுருளே நம்பும்போது நமக்கென்ன?