தானியங்கிக் கிடங்கும் திட்டப் பொறியாளரும்

சரக்கை எடுப்பது, நகர்த்துவது, அடுக்குவது ஆகிய வேலைகளை இயந்திரங்களிடம் ஒப்படைப்பது கிடங்குத் தானியக்கம். 1962இல் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டெல்ஸ்மான் நிறுவனத்துக்கு டெமாக் அமைத்துக் கொடுத்த உயரடுக்குக் கிடங்கு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2012இல் கிடங்கு ரோபோ நிறுவனமான கிவா சிஸ்டம்ஸை அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு, அலமாரியையே சுமந்துகொண்டு ஆளிடம் வரும் ரோபோக்கள் உலகின் கவனத்தைப் பெற்றன. எந்த வகைக் கிடங்கானாலும், ஒப்பந்தம் கையெழுத்தானது முதல் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் வரை களப்பணியை ஒருங்கிணைப்பவர் திட்டப் பொறியாளர்.

அவரது முதல் வேலை கணக்கெடுப்பு. பெட்டிகளின் அளவு, எடை, அன்றாட ஆர்டர்கள், நெரிசலான மணி நேரத்தில் வெளியேறும் சரக்கு ஆகியவற்றைப் பழைய பதிவுகளிலிருந்து திரட்ட வேண்டும். சராசரியை மட்டும் நம்பி வடிவமைத்த அமைப்பு பண்டிகை வாரத்தில் திணறும்.

அடுத்தது தரை. அடியில் சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் உயரமான ரேக்கின் உச்சி கணிசமாகச் சாய்ந்துவிடும். எனவே லேசர் கருவியால் மட்டம் பார்த்து, ரேக்கின் கால்களுக்கு அடியில் ஷிம் தகடுகளைச் செருகி, ஆங்கர் போல்ட்டால் இறுக்குகிறார்கள் ஃபிட்டர்கள். அவர்களுக்குப் பின்னே எலக்ட்ரீஷியன்கள் கேபிள் இழுத்துப் பேனலில் இணைக்கிறார்கள். கன்வேயர் போகும் வழியிலேயே தீயணைப்புக் குழாயும் குறுக்கிடுவது வழக்கமான தகராறு. வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து அதை முன்கூட்டியே தீர்ப்பது பொறியாளரின் கடமை.

மின்சாரம் வந்ததும் சோதனை தொடங்குகிறது. ஒவ்வொரு சென்சாரையும் கையால் மறைத்து, அதன் சிக்னல் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.யில் சரியான முகவரிக்கு வருகிறதா என்று பார்க்கிறார்கள். மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நிற்கிறதா என்பதும் சரிபார்க்கப்படும். பழுது பார்க்க உள்ளே செல்பவர் மின் இணைப்பைத் துண்டித்துத் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை. பிறகுதான் கிடங்கு மென்பொருளின் கட்டளைகளுடன் முழு ஓட்டம் நடக்கிறது.

உண்மையான சரக்கு வந்ததும் புதுச் சிக்கல்கள் முளைக்கும். பேலட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அளவு மீறிய சரக்கென்று சென்சார் அதைத் திருப்பிவிடும். கசங்கிய பார்கோடு ஸ்கேனருக்குப் புலப்படாது. உடைந்த மரப் பேலட் சங்கிலிக் கன்வேயரில் சிக்கும். இவற்றை முதலில் கவனிப்பவர்கள் கிடங்கின் ஷிஃப்ட் தொழிலாளர்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பொறியாளர் பாதித் தேடலை மிச்சப்படுத்துகிறார்.

ஏற்புச் சோதனையில் தனி இயந்திரத்தின் வேகத்தைவிட முழுத் தொடரின் நம்பகமே பெரிது. தலா 99 விழுக்காடு நேரம் ஓடும் ஐந்து இயந்திரங்கள் வரிசையாக நின்று, ஒன்று நின்றாலும் மற்றவை நிற்குமென்றால், மொத்த அமைப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு நேரமே ஓடும். ஆகவே இடையிடையே சரக்கு தேங்க இடம், மாற்று வழி, உதிரி பாகக் கையிருப்பு ஆகியவை வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். இயக்குவோருக்கும் பராமரிப்போருக்கும் பயிற்சி தந்து, திருத்திய வரைபடங்களையும் நிரல் நகலையும் கையளித்த பின்னரே திட்டம் முடிந்ததாகும்.