ஊருக்கு வழி கேட்டால் காட்டுக்குள் விட்ட மேப்! - மில்டுராவில் மோதிய இரண்டு செயலிகள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருந்து மில்டுராவுக்கு சுமார் 400 கிலோமீட்டர். ஸ்டர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் வழி தவற வாய்ப்பே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், 2012-ம் ஆண்டின் இறுதியில் ஐபோனை நம்பிக் கிளம்பிய சிலர் மில்டுரா போய்ச் சேரவில்லை. நெடுஞ்சாலை முடிந்து மண் பாதை வந்தது. மண் பாதையும் போய் மணல் வந்தது. போன் காட்டிய இடத்தில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. சுற்றிலும் புதர்க்காடு.

அவர்கள் போய் நின்ற இடம் முர்ரே-சன்செட் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால், அது தப்பு. சுமார் 6,33,000 ஹெக்டேர் பரப்பில், தெற்கு ஆஸ்திரேலிய எல்லை வரை விரிந்துகிடக்கும் வறண்ட நிலம் இது. வேரில் இருந்தே பல கிளைகளாகப் பிரிந்து வளரும் ‘மாலி’ வகை யூகலிப்டஸ் மரங்கள், செம்மணல் மேடுகள், இடையிடையே உப்பு ஏரிகள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. கோடையில் வெயில் 46 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். டிசம்பர் அங்கே கோடைக்காலம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த டிசம்பரில் விக்டோரியா மாநிலப் போலீஸார் வெளிப்படையாகவே எச்சரிக்கை விடுத்தார்கள். ஆப்பிள் மேப்ஸ் காட்டும் மில்டுரா, நிஜ மில்டுராவில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி பூங்காவுக்கு நடுவில் இருக்கிறது. அதை நம்பிப் போனவர்களை மீட்க வேண்டியிருக்கிறது என்றார்கள். சிலர் 24 மணி நேரம் வரை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் அங்கே சிக்கியிருந்தார்கள். சிலர் சிக்னல் தேடி வெகுதூரம் நடந்திருக்கிறார்கள். இந்த வெப்பத்தில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதுதான் போலீஸின் கவலை.

எப்படி நடந்தது இந்தக் குளறுபடி? சுவாரஸ்யமே இங்குதான். ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வ இடப்பெயர்ப் பட்டியலில் மில்டுரா இரண்டு முறை வருகிறது. ஒன்று, முர்ரே நதிக்கரையில் இருக்கும் ஊர். இன்னொன்று, ‘மில்டுரா ரூரல் சிட்டி’ என்கிற நிர்வாகப் பகுதி. நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இதன் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய பகுதிக்கு ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்றால், எங்கே வைப்பார்கள்? நட்டநடுவில். அந்த நடு, காட்டுக்குள் விழுந்தது. ஊரின் புள்ளியை எடுப்பதற்குப் பதில் இந்தப் புள்ளியை ஆப்பிள் எடுத்துவிட்டது என்று பிறகு தெரியவந்தது. யாரும் பொய்த் தகவல் தரவில்லை. சரியான புள்ளி தப்பான இடத்தில் பயன்பட்டது, அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சிரித்திருப்பார். ஆனால், அந்தச் செயலி அவசரத்தில் பிறந்தது.

2007-ல் முதல் ஐபோன் வந்தபோது, அதில் இருந்த மேப்புக்கு வரைபடம் கொடுத்தது கூகுள்தான். பின்னர் ஆண்ட்ராய்டு வந்து இரு நிறுவனங்களும் போட்டியாளர்கள் ஆயின. ‘இடதுபுறம் திரும்புங்கள்’ என்று குரலில் வழிசொல்லும் வசதி ஆண்ட்ராய்டு போன்களுக்கு 2009-லேயே வந்துவிட, ஐபோனில் இருந்த கூகுள் வரைபடத்துக்கு மட்டும் வரவே இல்லை. பொறுத்துப் பார்த்த ஆப்பிள், 2012 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ் 6 வெளியானபோது கூகுளைக் கழற்றிவிட்டு தன் சொந்த மேப்பை இறக்கியது. பாலங்கள் உருகி வழிந்தன, ஊர்கள் இடம்மாறின, இணையம் முழுக்க கேலி. பத்தே நாளில் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ‘சரிசெய்யும் வரை பிங், மேப்குவெஸ்ட், வேஸ், கூகுள், நோக்கியா மேப்களைப் பயன்படுத்துங்கள்’ என்று போட்டியாளர்களுக்கே வழிகாட்டிய கடிதம் அது!

மில்டுரா எச்சரிக்கை வந்த ஓரிரு நாளில் ஆப்பிள் புள்ளியைச் சரிசெய்தது. அதே வாரத்தில்தான் ஐபோனுக்கான கூகுள் மேப்ஸ் செயலியும் வெளியானது. 48 மணி நேரத்தில் ஒரு கோடிப் பதிவிறக்கங்கள். ஆனால், கூகுளும் ரொம்ப சிரித்துவிட முடியவில்லை. அதே விக்டோரியாவில், கிரேட் ஓஷன் ரோடு பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளைக் குறுகலான மலைப்பாதைக்கு கூகுள் மேப்ஸ் அனுப்புவதாக கோலாக் போலீஸார் புகார் சொன்னார்கள்.

இத்தனைக்கும் மில்டுரா, மேப்பே தேவைப்படாத அளவுக்கு ஒழுங்கான ஊர். தெருக்களுக்கு செவன்த் ஸ்ட்ரீட், எய்த் ஸ்ட்ரீட் என்று எண்கள்தான் பெயர். கனடாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் பாசனத் திட்டங்கள் போட்ட ஜார்ஜ், வில்லியம் சாஃபி சகோதரர்கள் 1887-ல் உருவாக்கிய குடியிருப்பு இது. அவர்களை வரவழைத்த ஆல்ஃபிரெட் டீக்கின் பின்னாளில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆனார். நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாசனத்தைப் படிக்க இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துபோன டீக்கின், அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நதியில் இருந்து நீரை ஏற்றி, வறண்ட மண்ணில் திராட்சையும் ஆரஞ்சும் விளையவைத்தது மில்டுரா. இன்றும் உலர்திராட்சைக்குப் பெயர்போன ஊர். சாஃபிகளின் நிறுவனம் 1890-களில் நொடித்துப்போக, ஜார்ஜ் அமெரிக்கா திரும்பினார். வில்லியம் ஊரைவிட்டுப் போகவில்லை. ஊரின் முதல் மேயரும் ஆனார். அவருடைய சிலை டீக்கின் அவென்யூவில் நிற்கிறது.

காட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்றால், அண்டர்பூல் பக்கமிருந்து பூங்காவின் பிங்க் ஏரிகளுக்குப் போகலாம். தண்ணீரில் இருக்கும் ஒருவகைப் பாசியின் நிறமிதான் அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம். மணல் பாதைகளுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி அவசியம். வண்டியில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும். ஆனால், வரைபடம் முன்பே இறங்கியிருக்காவிட்டால், வெறும் திரையில் நீலப்புள்ளி மட்டும் தனியாக மினுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே, கிளம்புவதற்கு முன் விடுதி வைஃபையிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுளில் இந்த வசதி பல வருடங்களாக உண்டு. ஆப்பிள் மேப்ஸுக்கு 2023-ல் ஐ.ஓ.எஸ் 17 உடன்தான் வந்தது.