கயிற்றை எங்கே கட்டுவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று போட்டிருக்கும். ஜூலை மாதம், நல்ல வெயில். ஏரிக்கரையில் ஒரு மர வீட்டை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டோடு ஒரு பாண்டூன் படகும் உண்டு.

நம் பள்ளியில் 'போன்தோன்' என்று படித்தோமே, அதே சொல்தான். காற்றடைத்த இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான ஒரு தளம், சுற்றிலும் கம்பிக் கிராதி, சோபா போல இருக்கைகள், பின்னால் ஒரு மோட்டார். வீட்டுத் திண்ணையைத் தண்ணீரில் மிதக்க விட்டது போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

பிள்ளைகளுக்குத் திண்ணை போதாது. காற்றடைத்த பெரிய ரப்பர் டியூபில் படுத்துக்கொண்டு, அதைப் படகு கயிற்றால் இழுத்துப் போக வேண்டும். அங்கே கோடைக்காலத்தில் எல்லா ஏரியிலும் இந்த விளையாட்டுத்தான்.

மாப்பிள்ளை புதுக் கயிறு வாங்கி வந்திருந்தார். அறுபது அடி நீளம். இரண்டு பேர் டியூபுக்கு உரியது, 2,375 பவுண்டு இழுவை தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தது. நம் கணக்கில் ஆயிரம் கிலோவுக்கும் மேல். இரண்டு பிள்ளைகளை இழுக்க எதற்கு இவ்வளவு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. டியூப் ஒரு அலையில் மூக்கைக் குத்தினால், படகு போகிற வேகத்தில் அந்த ஒரு நொடி இழுப்பு பல மடங்கு ஆகிவிடும். உறையில் போட்டிருந்தது அந்த நொடிக்கான கணக்கு.

அந்தக் கயிற்றை மாப்பிள்ளை படகின் பின்பக்கத்துக் கிராதிக் கம்பியில் கட்டினார். கயிறு ஆயிரம் கிலோ தாங்கும். கிராதி தாங்குமா? அது ஆட்கள் விழாமல் இருக்க வைத்த மெல்லிய அலுமினியம். பிடுங்கிக்கொண்டால் கம்பியோடு சேர்ந்து கயிறு பறக்கும்.

எனக்கு இது தெரிந்திருந்தது. வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன தாளைக் காலையிலேயே படித்துவிட்டேன். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் குமாஸ்தா; எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். இழுவைக் கயிற்றைக் கிராதியில் கட்டக் கூடாது, பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் இரும்பு வளையங்களில்தான் கட்ட வேண்டும், அதற்கான இரட்டைக் கயிறு இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை இன்ஜினியர். நான் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வயதானவன் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறான் என்று பெயர் வாங்க வேண்டாம் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேத்தி மிதவைச் சட்டையோடு தண்ணீரில் டியூபின் மேல் படுத்துவிட்டாள். பேரன், பதினொரு வயது, படகின் பின்பக்கம் நின்று மீதிக் கயிற்றைப் பிடித்திருந்தான். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் முன்னால் பார்த்தபடி மெதுவாகப் படகை நகர்த்தினார். கயிறு ஒவ்வொரு சுற்றாகத் தண்ணீரில் இறங்கியது. பேரன் கயிறு நழுவாமல் இருக்க அதை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் கை எனக்குப் பேரன் கையாகத் தெரியவில்லை.

1952 புயலில் நம் ஊர் பழைய இரும்புப் பாலம் போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதுப் பாலம் வரும் வரை, கப்பல்கள் தூரத்தில் நிற்க, சரக்கெல்லாம் சலங்கில்தான் கரைக்கு வரும். பிரெஞ்சுக்காரர்களும் நம்மிடம் வாங்கி 'ஷெலேங்கு' என்றே சொன்னார்கள். என் சித்தப்பா சலங்கில் வேலை செய்தார். எனக்கு எட்டு வயது இருக்கும், அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். ஈரக் கயிறு வழுக்குகிறது என்று கையில் சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த பெரிய அலை வருவதை நான் பார்த்தேன். 'சித்தப்பா, கயிறு' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பெரியவர்கள் வேலை செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். பேசவில்லை. அலை சலங்கைத் தூக்கியது, கயிறு இறுகியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகு அவர் மார்க்கெட்டில் மூட்டைக் கணக்கு எழுதினார், இடது கையால்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! மோட்டாரை நிறுத்துங்க!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. மோட்டார் நின்றது. நான் எழுந்து போய்ப் பேரன் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

"என்ன மாமா, என்ன ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் எரிச்சல்தான். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று கிராதி விஷயத்தையும் சொல்லி, வீட்டுக்காரர் தாளைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு தடவை படித்தார். இருக்கையைத் தூக்கி இரட்டைக் கயிற்றை எடுத்தார்.

இரண்டு முனையிலும் கொக்கி, நடுவில் ஒரு மிதவையும் சிறு கப்பியும். இரண்டு கொக்கியையும் இரண்டு வளையத்தில் மாட்டி, டியூப் கயிற்றைக் கப்பியில் கோத்தார். டியூப் எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பி நகர்ந்து கொடுக்கிறது, பாரம் இரண்டு பக்கமும் பங்காகிறது, மிதவை கயிற்றை மோட்டாரின் விசிறியில் சிக்காமல் தூக்கிப் பிடிக்கிறது. மோட்டார் ஓடும்போது யாரும் கயிற்றைத் தொடக் கூடாது, மெதுவாகப் போய்த் தொய்வு முழுவதும் நீங்கிய பிறகுதான் வேகம் என்று பிள்ளைகளுக்கும் அவரே சொன்னார்.

அன்று மாலை வரை பேத்தியும் பேரனும் மாறி மாறிக் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார்கள்.

இரவு மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலையிலேயே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். மகளுக்கே அது தெரியாது. அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருடமாகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடமும் சொன்னதில்லை.

பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் 'கோர்த்', அதாவது கயிறு, என்ற சொல்லையே சொல்ல மாட்டார்கள், மணிக்கயிற்றுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். துரதிர்ஷ்டமாம். அவர்கள் கதை அவர்களோடு. கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததால் என் குடும்பத்தில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் மாப்பிள்ளை எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார். டியூப் இழுக்கும்போது ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கண்ணாடியாவது வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். மிச்சம் மூன்று நாளும் நான் திரும்பி உட்கார்ந்து, போன வழியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக. பார்த்ததை உடனே உரக்கச் சொன்னேன்.