ராக்கோழியும் கறுப்புக் கண்ணாடியும்

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆணி அதிகம். அதுவும் ராத்திரி ஆணி.

நம்ம வேலை அமெரிக்காக்காரன் சர்வருக்கு வாட்ச்மேன். (புரொடக்‌ஷன் சப்போர்ட்னு கௌரவமா சொல்லிக்குவோம்.) கலிபோர்னியாவுல காலை ஒன்பதுன்னா நமக்கு ராத்திரி ஒன்பதரை, பனிக்காலத்துல பத்தரை. விடிஞ்சு ஆறேகாலுக்கு சிறுசேரியில கேப் ஏறினா திருவான்மியூர் வீடு. அம்மா சுட்ட தோசையைத் தின்னுட்டு ஏழரைக்குப் படுத்தா, பதினொண்ணுக்கே முழிப்பு தட்டிடும். உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், தூக்கம் மட்டும் வராது. தெருவுல கத்துற கீரைக்காரம்மா மேலதான் பழியைப் போட்டேன், பாவம்.

போன மாசம் ஆபீஸ்ல ஹெல்த் செக்கப். ஹெச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய்க்கு வாசப்படி. எனக்கு வயசு 28ங்க!

"ராத்திரி எத்தனை மணிக்கு சாப்பிடுறீங்க?"ன்னார் டாக்டர்.

"ரெண்டு மணிக்கு. பரோட்டா."

"அந்த நேரத்துல உங்க கணையம் பாதித் தூக்கத்துல இருக்கும் தம்பி. அதே பரோட்டா பகல்ல ஏத்துறதைவிட ராத்திரி சர்க்கரையை அதிகமா ஏத்தும்."

பயத்துல உட்கார்ந்து படிச்சேன். நம்ம பாஷையில சொன்னா, கல்லீரல், கணையம்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கடிகாரம் இருக்கு. மூளைக்குள்ள இருக்குறது என்டிபி சர்வர். அந்த சர்வருக்கு மணி சொல்றது கண்ணு. பார்க்குறதுக்குன்னு இல்லாம, வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மூளைக்குச் சொல்றதுக்குன்னே விழித்திரையில சில செல்கள் இருக்குன்னு 2002ல கண்டுபிடிச்சாங்க. நீல வெளிச்சம்னா அதுங்களுக்கு உசிரு.

இங்கதான் நம்ம பக் மாட்டுச்சு. ஆபீஸ் டியூப்லைட் சில நூறு லக்ஸ்தான். காலை வெயில் ஆயிரக்கணக்குல. வடக்கே பார்த்துப் போற கேப்ல வலது பக்கம் உட்கார்ந்தா ஓஎம்ஆர் முழுக்க மூஞ்சியில சூரியன். தினமும் 'விடிஞ்சிருச்சுடா'ன்னு மூளைக்கு மணி செட் பண்ணிட்டு, வீட்டுக்கு வந்து தூங்குடான்னா அது எப்படித் தூங்கும்?

அன்னையிலருந்து கேப்ல இடது சீட்டு, கறுப்புக் கண்ணாடி. "என்ன மாப்ள, கேட்டராக்ட் ஆபரேஷனா?"ன்னு ஒரே ஓட்டல். (வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போறவங்க இதைப் பண்ணாதீங்க, தூக்கம் சொக்கிடும்.) ஜன்னலுக்கு அப்பாவோட பழைய கம்பளி. பரோட்டா கட். இப்போ ஒண்ணரை வரைக்கும் தூங்குறேன்.

ஆனா சனி, ஞாயிறு பகல்ல சுத்திட்டு திங்கள்கிழமை மறுபடி முதல்லருந்து. வொர்க்-அரவுண்ட்தான், ஃபிக்ஸ் இல்ல. நைட் ஷிஃப்ட் அனேகமா புற்றுநோய் வரவழைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல சொல்லி, 2019லயும் அதையேதான் சொல்லியிருக்கு. அலவன்ஸ் பணத்தை எண்ணும்போது இதெல்லாம் யாரு பார்த்தா.

நல்லாத் தூங்க ஆரம்பிச்ச அப்புறம்தான் இன்னொண்ணு உறைச்சுது. எங்க வீட்ல பகல்ல மிக்சி சத்தமே கேட்டதில்ல. குக்கர் விசிலும் இல்ல. அம்மாகிட்ட கேட்டேன்.

"நீ வர்றதுக்குள்ள நாலரைக்கே எந்திரிச்சு எல்லாத்தையும் முடிச்சிருவேன்டா. பத்து மணிக்கு மேல நீ புரண்டு படுத்தாக்கூட எனக்குக் கேக்கும்."

ரெண்டு வருஷமா!

மேனேஜர்கிட்ட பகல் ஷிஃப்ட் கேட்டு மெயில் போட்டாச்சு. "இந்த ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம்"னு பதில். ஓட்டின அதே ஆளு நேத்து கேப்ல கேக்குறான், "கண்ணாடி எங்க மாப்ள வாங்கினே?"