மலாக்காவின் தனிக்குன்று

புக்கிட் பெருவாங்கிலிருந்து கிளம்பி மஸ்ஜித் தானா, லுபோக் சீனா தாண்டினால் லிங்கி. அங்கே மலாக்கா முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கிவிடும். ஆனால் கடலோரமாகப் போர்ட்டிக்சன் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் மறுபடியும் மலாக்கா வரும்! தஞ்சோங் துவான் என்ற காட்டுக்குன்று மட்டும் நம் மாநிலத்துக்குச் சொந்தம். தரைவழியாகப் போனால் அடுத்த மாநிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்மாவை அழைத்துப் போனேன். தோட்டத்தில் இருந்த காலத்தில் லாரியேறிப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வந்தவர்தான். "மேல வெளக்கு தெரியும். ஏறிப் பார்க்க எங்க நேரம்? உங்களையெல்லாம் தண்ணியில இறங்காமப் பிடிச்சு வைக்கவே சரியா இருக்கும்" என்பார். இப்போது நாங்கள் வளர்ந்துவிட்டோம்; அவருடைய முட்டிதான் மக்கர் செய்கிறது.

தார்ச்சாலைதான், பயப்பட வேண்டாம். இருபது நிமிட ஏற்றத்துக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரமானது. மேலே நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863இல் பிரிட்டிஷார் கட்டியது. மலாக்காவைப் பிடிக்க வந்த டச்சுக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் 1606இல் மோதிக்கொண்டது எதிரே உள்ள கடலில்தான். வரலாறு போதும், நாங்கள் பார்க்க வந்தது பருந்துகளை.

குளிருக்குப் பயந்து தெற்கே போன தேன்பருந்துகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்புகின்றன. தரை சூடானால் மேலெழும் காற்றில் சிறகசைக்காமலே மிதக்கலாம். கடல்மேல் அந்த வசதி கிடையாது. அடித்து அடித்துத்தான் வரவேண்டும். அவை முதலில் காணும் கரைகளில் இந்தக் காடும் ஒன்று.

பதினொரு மணிக்கு மேல் ஒன்று வந்தது. மரத்தலையை உரசுகிற உயரம். பிறகு நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு நின்றேன். பதிவானது காற்றும் பக்கத்துப் பிள்ளைகளின் கூச்சலும்தான். பருந்துகள் சத்தமே போடவில்லை. குன்றின் வெப்பக்காற்று கிடைத்ததும் ஒவ்வொன்றாக வட்டமிட்டு உயர்ந்து, புள்ளியாகி மறைந்தன.

அம்மா கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கித் தண்ணி குடிக்காதா?"

களைத்தவை இந்த மரங்களில் தங்குமாம். சுற்றிலும் ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் நெருங்கிவிட்ட கடற்கரையில் மிச்சமிருப்பது இந்தக் காடுதான். அதற்குள்ளேயும் நாசி லெமாக் பொட்டலத் தாள்கள், போத்தல்கள். குரங்குகள் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தன. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பொட்டலத்தில் முறுக்குத் தூள் இருந்தது.

மலேசிய இயற்கைக் கழகம் மார்ச்சில் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துவதுண்டு. அன்று போனால் விவரம் சொல்ல ஆள் இருப்பார்கள். தொப்பி, தண்ணீர், இருந்தால் தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாதையில் இறங்கினால் சின்னச் சின்ன மணல்கரைகளும் உண்டு. மழை பெய்திருந்தால் வழுக்கும், பெரியவர்களை இறக்க வேண்டாம்.

நானும் இறங்கவில்லை. அம்மா இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.