சிறுவாடு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். ஆச்சி வீடு அங்கேதான். கிளம்பும்போது அம்மா ஒரு இருநூறு ரூபாய்த் தாளைக் கையில் திணித்து, "வரும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிட்டு வா" என்றார். கடையில் தாளை நீட்டினால், "சில்லறை இல்ல தம்பி, ஸ்கேன் பண்ணிருங்க" என்றார் கடைக்காரர். செய்தேன். பணம் போய்ச் சேர்ந்ததைப் பெட்டி ஒன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பும்வரை பணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அதுதான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டில் பணம் என்றால் சனிக்கிழமை. அப்பா சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். பேண்டேஜ் துணி. (நீங்கள் எங்கே விழுந்து கட்டுப் போட்டாலும் அது எங்கள் பக்கத்துத் துணியாக இருக்கலாம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் :-)) சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு மிச்சக் கூலியை எண்ணிக் கொடுப்பார். அந்தப் பணம் ராத்திரிக்குள் மளிகைக்கடை, பால்காரர், வட்டிக்காரர் என்று போய்விடும். தறிக்காரர் கைக்குக் கூலி வரவில்லை என்றால் தெருவில் நாலு பேருக்கு வரவு இல்லை.

இதற்கு நடுவே அம்மா பத்து, இருபது என்று ஒதுக்குவார். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் சிறுவாடு. வீட்டு ஆம்பளைக்குத் தெரியாத பணம். ஐநூறு சேர்ந்ததும் மளிகைக்கடையில் கொடுத்து ஒரே தாளாக மாற்றி உளுந்து டப்பாவுக்குள் வைப்பார். பெரிய தாள் ஒளிக்கச் சுலபம் இல்லையா?

2016 நவம்பர் 8. நான் ஏழாம் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். அப்பா, "நம்மகிட்ட என்ன இருக்கு, பணக்காரன்தான் கவலைப்படணும்" என்று சிரித்தார். அடுப்படி வாசலில் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

டப்பாவில் 23 தாள். 11,500 ரூபாய். அடுத்த ஜூனில் அக்காவைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்தது.

ஒரு ஆள் 4,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றார்கள். அம்மா ஆதார் அட்டையோடு இரண்டு நாள் வரிசையில் நின்றார். இரண்டு நாளும் அவர் முறை வருமுன் பணம் தீர்ந்துவிட்டது. அப்புறம் ஓட்டுப் போட்ட மாதிரி விரலில் மை வைக்கிறார்கள் என்றதும் பயந்துவிட்டார். கணக்கில் போடலாம், ஆனால் வீட்டில் இருந்த ஒரே கணக்கு அப்பாவுடையது.

சொல்லிவிட்டார். அப்பா கத்தவில்லை. "இம்புட்டு நாளா..." என்று மட்டும் கேட்டார். அது அடித்ததை விட மோசம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

கூலி கொடுக்க முதலாளியிடமும் சில்லறை இல்லை. தறி சில வாரம் சரியாக ஓடவில்லை. கணக்கில் போட்ட 11,500-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அரிசி வாங்கினோம். அக்கா 2017-ல் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நூல் மில்லுக்குப் போனாள். அந்தப் பணம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்திருந்தால் அம்மா பேசியிருப்பார்.

ஒழித்த நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி கணக்குச் சொன்னது. எங்கள் உளுந்து டப்பாவின் 23 தாளும் அதில் சேர்த்திதான்.

இப்போது அப்பாவின் கூலி போனுக்கே வந்துவிடுகிறது. கிழிந்த நோட்டு இல்லை, எண்ணும்போது தகராறு இல்லை. எனக்கும் அதுதான் வசதி. ஆனால் மளிகைக்கடைக்கும் அப்பாவே அனுப்பிவிடுகிறார். பத்து, இருபது ஒதுக்க அம்மாவுக்கு வழி எங்கே? தனியாகக் கணக்கு ஆரம்பித்துத் தருகிறேன் என்றேன். "மெசேஜ் உங்கப்பா போனுக்கு வராதுல்ல?" என்றுதான் முதலில் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பால்கோவாவையும் அந்த இருநூறு ரூபாயையும் கொடுத்தேன். அம்மா திண்ணையில் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். தாளை என்னிடமே திருப்பித் தந்து, "ரெண்டு நூறா மாத்திட்டு வாடா" என்றார்.