பீடம்

பீடம் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் கழுத்து கொஞ்சம் அண்ணாந்துவிடுகிறது. மேலே இருப்பது பெரிது, கீழே நிற்பது சிறிது என்ற உறவை, மேலே இருப்பது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடும் சொல் அது. கோயிலில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்க அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு அதைப் புதுப்பிக்கிறார்கள். மூர்த்தி அசையக் கூடாது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வரிசையாக எழுந்த சிலைகளும் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டவைதான். பீடத்தின் உயரம் அங்கே பெருமையின் அளவு.

துணி துவைக்கும் மெஷினுக்கும் பீடம் உண்டு. நம் கடைகளில் அதன் பெயர் ஸ்டாண்டு. அமெரிக்காவில் சிலைக்கு அடியில் இருப்பதை எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ அதே சொல்தான் இதற்கும்: பெடஸ்டல். துவைக்கிற மெஷினுக்கு ஒன்று, உலர்த்துகிற டிரையருக்கு ஒன்று என்று ஜோடியாக விற்கிறார்கள். ஏறக்குறைய 15 அங்குல உயரம், உள்ளே சோப்புத்தூள் வைக்க ஓர் இழுப்பறை. ஆனால் இதன் தர்க்கம் நேர் எதிரானது. மெஷினை வணங்குவதற்காக யாரும் அதை உயர்த்துவதில்லை. அதன் முன் குனியாமல் இருப்பதற்காக உயர்த்துகிறார்கள்.

எங்கள் வீட்டில் இது ஒரு பிரச்னையாகவே வந்தது. என் மனைவிக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. குனிந்து பாரம் எடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முன்பக்கம் கதவு உள்ள மெஷினோ தரையில் நின்றால் அதன் வாய் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. ஈரத்துணியை அதிலிருந்து இழுப்பது கிணற்றிலிருந்து இறைப்பதற்குச் சமானம். பின்பக்கத்துப் பால்கனிக்கு வெயில் வராது. ஐப்பசி கார்த்திகையில் துணி நாலு நாளானாலும் காயாது. ஆகவே டிரையரும் வந்தது. இரண்டும் தலா 60 சென்டிமீட்டர் அகலம். பால்கனியின் அகலம் 4 அடிக்குக் கொஞ்சம் மேல். நெருக்கித்தான் வைக்க முடியும்.

கடைக்காரர் சொன்ன வழி சுலபமானது. ஸ்டாண்டு மேல் வாஷர், வாஷர் மேல் டிரையர். "இடம் மிச்சம் சார்." அம்மா அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் உயரம் 4 அடி 10 அங்குலம். மெஷின் ஒன்றின் உயரம் 85 சென்டிமீட்டர். ஒன்றன் மேல் ஒன்று ஏற்றினால் டிரையரின் பித்தான்களும், ஈரம் தண்ணீராகி வந்து சேரும் பெட்டியும் அவள் தலைக்கு மேலே போய்விடும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணி மடிப்பது ஒன்றுதான் இந்த வீட்டில் அவள் கையைவிட்டுப் போகாமல் இருந்த வேலை. பழைய மெஷினின் மேல்தட்டில் வைத்துத்தான் மடிப்பாள். அது அவள் முழங்கைக்குச் சற்றுத் தாழ்வாக, மேஜை மாதிரி இருந்தது. மருமகளின் முதுகுக்காக எழும்பும் பீடம் மாமியாரின் மேஜையைப் பறித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் வயதானவர்கள் இப்படித்தான், யாரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலேயே, மெல்ல வெளியே நகர்த்தப்படுகிறார்கள்.

பீடத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி சிற்பிகளுக்குப் புதிதல்ல. ரோடின் தம் 'கலேயின் குடிமக்கள்' சிற்பம் பார்க்கிறவனோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்று விரும்பினார். கலே நகரம் 1895இல் அதை உயர்ந்த பீடத்தில் ஏற்றித் திறந்தது. 1924இல்தான் நகர மன்றத்தின் முன் தாழ்ந்த பீடத்துக்கு இறங்கியது. ரோடின் இறந்து ஏழு வருஷத்துக்குப் பிறகு. நம் மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்ளலாம். ராய் சௌத்ரியின் படைப்பு. நாலு ஆண்கள் பாறையொன்றை நகர்த்த உடலை வளைத்திருக்கிறார்கள். தசையின் விசை நிஜமானது. ஆனாலும் அங்கே மேலேற்றப்பட்டிருப்பது குனிவுதான். நம் புதுக்கவிதையிலும் குனிந்த முதுகுகளுக்குக் குறைவில்லை. பாத்திரம் தேய்க்கிறவள், நாற்று நடுகிறவள், துணி துவைக்கிறவள் எல்லாரும் படிமமாகி நிற்கிறார்கள். குனிவைப் பீடத்தில் ஏற்றுவது ஒரு காரியம். குனிய வேண்டாதபடி பீடம் கட்டுவது இன்னொரு காரியம். முதலாவதைச் செய்தவுடன் இரண்டாவதையும் செய்துவிட்டதாக ஒரு திருப்தி நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. சந்தேகப்பட வேண்டிய திருப்தி அது.

இரண்டாவது காரியத்துக்குப் பரிவு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 48 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டிரம் நிமிஷத்துக்கு 1400 சுற்று சுற்றும்போது, விளிம்பில் ஒட்டியிருக்கும் துணி தன் எடையைப்போல் ஐந்நூறு மடங்கு விசையோடு வெளியே இழுக்கிறது. துணி ஒரு பக்கம் 100 கிராம் கூடுதலாக ஒதுங்கினால் 50 கிலோ இழுப்பு. அதுவும் வினாடிக்கு 23 தடவை சுற்றிச் சுற்றி. உள்ளே உள்ள ஸ்பிரிங்குகளும், அதிர்வைத் தணிக்கும் தண்டுகளும், கனத்துக்காக வைத்த கான்கிரீட் கட்டியும் பெரும்பாலானதை வாங்கிக்கொள்கின்றன. மீதி காலுக்கு வருகிறது, காலிலிருந்து பீடத்துக்கு. பீடம் உயர உயர ஆட்டமும் கூடும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு பெருக்கித் துடைக்க வசதி; இந்த மெஷினுக்கு ஆகாது. டிரையர் சாது. நிமிஷத்துக்கு ஐம்பது சுற்றுதான். அதை எதன் மேலும் வைக்கலாம்.

ஊரில் கிணற்றடியில் துவைக்கல் நிறுத்தியபோது கொத்தனார் அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, இடுப்புக்கு ஒரு சாண் கீழே கரிக்கோடு போட்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே முறையை இங்கும் கைக்கொண்டோம். மனைவி நின்றாள். கதவின் கீழ்விளிம்பு அவள் தொடை நடுவுக்கு வர ஒரு அடி மேடை போதும் என்று பட்டது. உள்ளே வெற்றிடம் இல்லாமல் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டி, ரசமட்டம் பார்த்து, மெஷின் நகர்ந்து விழாதபடி விளிம்பில் ஒரு அங்குலம் தடுப்பும் எழுப்பினார் கொத்தனார். கழிவுநீர்க் குழாயின் வாயையும் ஒரு அடி உயர்த்தச் சொன்னோம். மெஷின் மட்டும் உயர்ந்து குழாய் கீழேயே இருந்தால், நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். மெஷின் வந்ததும் பின்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். வண்டியில் வரும்போது டிரம்மைப் பிணைத்து வைப்பவை அவை. கழற்றாமல் ஓட்டினால் வீடே அதிரும். மூர்த்திக்குப் பிணைப்பு, மெஷினுக்கு விடுதலை.

டிரையரைத் தரையிலேயே வைத்தோம். ஈரத்துணிதான் பாரம், காய்ந்தது பாரமல்ல. அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்தால் டிரையரின் கதவு அவள் மடிக்கு நேராக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு எழுந்து நின்று அதன் மேல்தட்டிலேயே மடிக்கிறாள். மனைவிக்கு அங்கே குனிய வேண்டிய அவசியம் நேர்வதில்லை.

பார்க்க நன்றாயில்லைதான். ஒன்று மேலே, ஒன்று கீழே, படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்ட இரண்டு பேர் மாதிரி. ஜோடியாக ஸ்டாண்டு வாங்கியிருந்தால் மட்டம் ஒன்றாக இருந்திருக்கும் என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். வடிவ ஒருமை பற்றி நிறையப் பேசியிருக்கிற நண்பர் ஒருவரும் சொன்னார். அம்மாதான் அவருக்குப் பதில் சொன்னாள்: "துவைக்கிறவ உசரம் அது. மடிக்கிறவ உசரம் இது."

ஞாயிற்றுக்கிழமைகளில் துவைப்பது என் முறை. என் உயரத்துக்கு மேடை தாழ்வு. கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. அளவெடுத்தபோது என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் துவைப்பவளை அளந்து கட்டியது அது.